பூஜ்யத்துக்கு ஒரு சுற்று

பூஜ்யம் வந்தால் கைப்பிடியைத் தொடாதே. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்குச் சொல்லித் தந்தது இவ்வளவுதான். தஞ்சாவூர் ரோட்டில், திருவெறும்பூருக்குச் சற்று முன்னால், ஆலைகளுக்குக் குழாய் வரைபடம் போட்டுக் கொடுக்கும் அலுவலகம் அது. பன்னிரண்டு சாய்வு மேஜைகள், பன்னிரண்டு ஆண்கள். மூலையில் ஒரு சின்ன மேஜை, அதன்மேல் கணக்குப் போடும் மெஷின், அதன் முன்னால் நான். அறுபதுகளின் கடைசி. கணிதத்தில் பட்டம் வாங்கியிருந்தேன். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு கைப்பிடி சுற்றிக்கொண்டிருந்தேன்.

அந்த மெஷினுக்குக் கரண்ட் கிடையாது. முந்நூற்று நாற்பத்தேழால் பெருக்க வேண்டுமென்றால், எண்ணைப் பொருத்திவிட்டுக் கைப்பிடியை ஏழு முறை சுற்ற வேண்டும். மேல்பெட்டியை ஒரு இடம் தள்ளி நாலு முறை. இன்னொரு இடம் தள்ளி மூன்று முறை. பெருக்கல் என்பது திரும்பத் திரும்பக் கூட்டுவதுதான் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னபோது எனக்குப் புரியவில்லை. அங்கே என் தோள்பட்டைக்குப் புரிந்தது. முந்நூற்று ஏழு என்றால் நடுவில் பூஜ்யம். அங்கே சுற்றக் கூடாது, தள்ளிவிட்டுப் போக வேண்டும். பூஜ்யம் வந்தால் எனக்குச் சந்தோஷம். கைக்கு ஓய்வு.

அப்பாவுக்குக் கண் மங்கி வேலைக்குப் போவது நின்றிருந்தது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் சம்பாதித்தது நான் ஒருத்திதான். ஆனால் வேலை நிரந்தரமாகவில்லை. ஒரு வருஷம் பார்ப்போம் என்று எடுத்திருந்தார்கள். அந்த வருஷம் முடியும் சமயத்தில்தான் இது நடந்தது.

எங்கள் ஆபீசருக்கு மெட்ராஸில் ஒரு வகுப்பு நடத்தினார்கள். அங்கே ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் வந்திருந்தது. வெளியாருடைய கணக்கையும் போட்டுக் கொடுத்தார்கள். மூன்று நாள் போய்வந்தார். அவருக்கு ஒன்றும் ஏறவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. கம்ப்யூட்டருக்குக் கணக்கை எப்படி எழுதிக் கொடுப்பது என்று சொல்லும் சைக்ளோஸ்டைல் நோட்ஸ் ஒன்றை என் மேஜையில் போட்டார்.

“நீங்க மேத்ஸ்தானே? படிச்சுப் பாருங்க. அந்த அறுபது குழாய் கணக்கை இதுல எழுத முடியுமான்னு சொல்லுங்க.”

“கையால போட்டு முடிச்சாச்சே சார்.”

“அதனாலதான். கம்ப்யூட்டரும் அதே விடையைக் குடுத்துட்டா உங்க டேபிள் சரின்னு நான் கண்ணை மூடிக்கிட்டு எழுதலாம். உங்களை நிரந்தரம் பண்ற பேப்பரையும் அதோட மேல அனுப்பிடறேன்.”

அறுபது குழாய் கணக்கு என்பது இது. சூடேறினால் குழாய் நீளும். நீளும்போது அது உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு சப்போர்ட்டும் அதை உரசிப் பிடிக்கும். ஒவ்வொன்றின் பங்கும் அது இருக்கும் இடத்தைப் பொறுத்து வேறுபடும். குழாயின் சொந்தச் சுமையோடு இவை எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டினால்தான் குழாயின் கோடியில் இருக்கும் போல்ட்டுகள் எவ்வளவு தாங்க வேண்டும் என்று தெரியும். ஒரு குழாய்க்கு நடுவில் ஒன்பது சப்போர்ட் இருக்கும், இன்னொன்றுக்கு நாலு இருக்கும். ஆறு வாரம் சுற்றி, அறுபது விடையையும் டேபிளாக, அதாவது அட்டவணையாக, எழுதி முடித்திருந்தேன். தலை சீவக் கையைத் தூக்க முடியாமல் அம்மா பின்னிவிட்ட வாரங்கள் அவை.

நோட்ஸைப் பஸ்ஸில் படித்தேன். ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் நிறுத்தம் வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. மூன்றாம் நாள் காலை, பஸ் காவிரிப் பாலத்தில் ஏறும்போது, ‘டூ’ என்று தொடங்கும் ஒரு வரிக்கு வந்தேன். செய் என்று அர்த்தம். அந்த வரி சொன்னது இவ்வளவுதான்: ஜே என்று ஒரு இடம் வைத்துக்கொள். அதில் முதலில் ஒன்று இருக்கட்டும். இங்கிருந்து நாற்பது என்று எண் போட்ட வரி வரைக்கும் உள்ளதைச் செய். திரும்பி வா. ஜேயில் இப்போது இரண்டு. மறுபடி செய். எத்தனை சொல்லியிருக்கிறதோ அத்தனை வரை.

ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து அந்த வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஒன்பது சப்போர்ட்டுக்கு ஒன்பது வரி எழுத வேண்டாம். ஒரே வரி. அதில் ஜே என்று எழுதினால் அந்த ஜே ஒவ்வொரு சுற்றிலும் வேறு ஆளாக இருக்கிறது. சப்போர்ட்டுகளுக்கு ஒரு சுற்று, அதை உள்ளே வைத்துக் குழாய்களுக்கு ஒரு வெளிச்சுற்று. அறுபது குழாய் என்பதை ஆறாயிரம் என்று மாற்றினால் எழுதுகிறவளுக்கு ஒரு எண் மாறும். அவ்வளவுதான். எழுதினவளின் கை நின்றுவிடுகிறது, வேலை நிற்பதில்லை.

சத்திரத்தில் இறங்க மறந்துவிட்டேன். கண்டக்டர் கத்தினார். “ஏம்மா, பஸ்ஸோட திரும்பி ஸ்ரீரங்கத்துக்கே வர்றீங்களா? இன்னொரு டிக்கெட் போடட்டா?”

சாதாரண நாளாக இருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அன்றைக்கு நோட்ஸை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கி ஓடினேன்.

நாலு நாளில் எழுதி முடித்தேன். என் ஆறு வாரம் ஒரு தாளில் அடங்கியது. கட்டம் போட்ட தாளில் கட்டத்துக்கு ஒரு எழுத்தாக எழுதி, குழாய் விவரங்களையும் சேர்த்து, மெட்ராஸ் போகும் ஆளிடம் கொடுத்தனுப்பினார்கள். அங்கே அதை வரிக்கு ஒரு அட்டையாகத் துளை போட்டு கம்ப்யூட்டருக்குள் விடுவார்கள். பத்து நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை, விடை வந்தது. நீளமான காகிதம். ஆபீசர் மேஜையில் விரித்து, என் டேபிளைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தோம்.

முதல் பத்தும் ஒன்றாக இருந்தன. சும்மா கிட்டத்தட்ட இல்லை. நான் போட்ட கடைசி இலக்கம் வரை ஒன்றாக இருந்தன. நான் பார்த்திராத ஒன்று, நான் போயிராத ஊரில், என் கை சுற்றிய அத்தனை சுற்றையும் சுற்றி, என் எண்ணிலேயே வந்து நின்றிருக்கிறது. கோயிலில்கூட நான் அப்படி நின்றதில்லை.

பதினோராவது வரி வேறாக இருந்தது. இருபத்தெட்டாவதும் நாற்பத்தைந்தாவதும் அப்படியே. மீதி ஐம்பத்தேழும் சரி.

பக்கத்து மேஜை டிராஃப்ட்ஸ்மேன் எட்டிப் பார்த்தார். நான் வந்த நாளிலிருந்து அவருக்கு என்னைப் பிடிக்காது. “கம்ப்யூட்டருக்குத் தூக்கம் வராதுங்க. உங்களுக்கு மத்தியானம் தயிர்சாதம்.”

“தயிர்சாதம் சாப்பிட்டுத்தான் அம்பத்தேழு சரியா போட்டிருக்கேன். போன வாரம் வால்வைத் தலைகீழா வரைஞ்சீங்களே, அன்னிக்கு நீங்க என்ன சாப்பிட்டீங்க?”

பதினோரு பேர் சிரித்தார்கள். ஆபீசர் சிரிக்கவில்லை. “கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதும்மா.”

“நானும் பண்ணலை சார். இந்த மூணும் குட்டைக் குழாய். நடுவுல சப்போர்ட்டே கிடையாது. சொந்தச் சுமையோட கூட்டறதுக்கு ஒண்ணுமே இல்லை. இல்லாததைக் கூட்டறதுல நான் எப்படித் தப்பு பண்ணுவேன்?”

“அதே கேள்வியை அதுவும் கேக்கலாமில்ல?”

அவர் காகிதத்தை மடித்தார். “ரெண்டும் சரின்னா ரெண்டும் ஒண்ணா இருக்கணும். செவ்வாய்க்கிழமை காலையில தப்பு எங்க இருக்குன்னு சொல்லுங்க. சொல்ல முடியலைன்னா இந்த டேபிளை நான் நம்ப முடியாது. டேபிளை நம்ப முடியலைன்னா அப்புறம் உங்க பேப்பரை எப்படி அனுப்பறது?”

கெட்டவர் இல்லை அவர். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் மூன்று குழாயையும் மறுபடி சுற்றினேன். திங்கட்கிழமை பகல் முழுக்கச் சுற்றினேன். வேறு விடை வரவில்லை. நான் எழுதி அனுப்பியதன் நகலை எடுத்து வரிவரியாகப் படித்தேன். அதிலும் ஒன்றும் தென்படவில்லை. உள்சுற்று, ஒன்று முதல் சப்போர்ட் எண்ணிக்கை வரை. எண்ணிக்கை பூஜ்யமென்றால் சுற்றே இல்லை. இதில் பார்க்க என்ன இருக்கிறது? பூஜ்யம் வந்தால் கைப்பிடியைத் தொடாதே. கடைசியில் மெட்ராஸுக்கு ஒரு கடிதம் எழுதினேன். உங்கள் கம்ப்யூட்டர் பழுதாகியிருக்கிறது, ஆளை வைத்துப் பாருங்கள், பிறர் பிழைப்போடு விளையாடாதீர்கள் என்று. காலையில் தபாலில் போடலாமென்று பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்தத் திங்கட்கிழமை அமாவாசை. திங்களும் அமாவாசையும் சேர்ந்து வந்தால் பெண்கள் அரசமரத்தை நூற்றெட்டு முறை சுற்றுவார்கள். எண்ணிக்கை தப்பக் கூடாது என்பதற்காக ஒரு சொம்பில் நூற்றெட்டுக் கொட்டைப்பாக்கு போட்டு எடுத்துப்போவார்கள். ஒரு சுற்று முடிந்து மரத்தடிப் பிள்ளையாருக்கு முன்னால் வந்ததும் சொம்புக்குள் கையை விட்டு ஒரு பாக்கை எடுத்துத் தாம்பாளத்தில் போட வேண்டும். பாக்கு தீர்ந்தால் சுற்றும் தீர்ந்தது. அம்மா அன்று காவிரிக்கரை அரசமரத்துக்குப் போயிருந்தாள். என் வேலை நிரந்தரமாக வேண்டும் என்று வேண்டுதல். மரத்தைச் சுற்றினால் எந்த ஆபீசரும் கையெழுத்துப் போட மாட்டான் என்று காலையில்தான் கத்திவிட்டுப் போயிருந்தேன்.

நான் வந்தபோது அம்மா காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு அம்மாள் வாசல்படியில் நின்றாள். அம்மா அவளை அக்கா என்பாள். இரண்டு பேருக்கும் சண்டை.

“தொண்ணூறு முடிச்சிட்டேன், பதினெட்டு பாக்கி, இடுப்பு வலிக்குது, நீ சுத்திடும்மான்னு சொம்பைக் குடுத்தது நீங்கதானே அக்கா?” என்றாள் அம்மா.

“நான்தான் குடுத்தேன். இல்லேன்னா சொன்னேன்?”

“ஒரு சுத்து வந்து, கையை விட்டுப் பார்த்தா உள்ள ஒண்ணுமே இல்லை! நீங்க எப்பவோ நூத்தியெட்டும் முடிச்சிட்டு, பாக்கி இருக்குன்னு நினைச்சுக்கிட்டு நிக்கறீங்க.”

“ஏன், வாங்கும்போதே பார்த்துட்டுச் சுத்தியிருக்கலாமில்ல?”

“யாராவது பார்த்துட்டா சுத்துவாங்க? சுத்திட்டுத்தானே கையை விடுவாங்க? பித்தளைச் சொம்பு, கனத்துலயும் தெரியலை. வாயில துணி வேற கட்டி வெச்சிருந்தீங்க.”

“சரி, அந்த ஒரு சுத்து யாருக்கு? என் சொம்பு.”

“என் காலு! அது என் பொண்ணு வேலைக்கு.”

நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “அம்மா, இன்னொரு தடவை சொல்லு” என்றேன்.

“என்னத்தைடி?”

“சொம்பு காலி. நீ என்ன பண்ணினே?”

“சுத்தினேன்.”

“காலின்னு எப்போ தெரிஞ்சுது?”

“சுத்தினப்புறம்.” அம்மா எண்ணெய்க் கையோடு என்னைப் பார்த்தாள். “ஏண்டி, உடம்புக்கு என்ன? மூஞ்சி வெளுத்திருக்கு.”

உள்ளே போய் நோட்ஸை எடுத்தேன். அந்தப் பக்கத்தை நாற்பது தடவையாவது படித்திருப்பேன். ஒவ்வொரு முறை செய்து முடித்த பிறகு ஜே ஒன்று கூட்டப்படும், பிறகு எல்லையோடு ஒப்பிடப்படும் என்று இங்கிலீஷில் தெளிவாக எழுதியிருந்தது. பிறகு. அந்த ஒரு சொல்லை நான் பார்க்கவே இல்லை. என் கைப்பிடி என்ன செய்யுமோ அதையே கம்ப்யூட்டரும் செய்யும் என்று நானே முடிவு செய்துகொண்டு அந்தச் சொல்லைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன். அது முதலில் பார்ப்பதில்லை. உள்ளே போகிறது, செய்கிறது, நாற்பதாம் வரிக்கு வந்துதான் சொம்புக்குள் கையை விடுகிறது. எண்ணிக்கை ஒன்பதானாலும் ஒன்றானாலும் இதில் வித்தியாசமே தெரியாது. பூஜ்யமாக இருந்தால் மட்டும் தெரியும்.

ஒரு பென்சிலை எடுத்தேன். பதினோராவது குழாய். இரண்டு விடையையும் கழித்துப் பார்த்தேன். இதைச் சனிக்கிழமையே செய்திருக்க வேண்டும். கோபத்தில் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முறைத்தேனே தவிரக் கழித்துப் பார்க்கவில்லை. மீதி வந்த எண்ணையும், அந்தக் குழாய்க்கு நடுவில் ஒரே ஒரு சப்போர்ட் இருந்தால் அதன் பங்கு என்ன வரும் என்பதையும் போட்டேன். இரண்டும் ஒன்று. இருபத்தெட்டு, நாற்பத்தைந்து. அங்கேயும் ஒன்றுதான். இல்லாத இடத்தில் மூன்று சப்போர்ட்டை நட்டு வைத்திருக்கிறது. பழுதால் இல்லை. நான் சொன்னதை, நான் சொன்ன வரிசையில், ஒரு இம்மி பிசகாமல் செய்ததால்.

அந்த நிமிஷத்தை இன்றுவரை என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. பயமாக இருந்தது. எனக்குத் தெரிந்த மனுஷர்களில் யாரும் சொன்னதைச் செய்வதில்லை. கொஞ்சம் அவரவர் புத்தியைச் சேர்த்துத்தான் செய்வார்கள். பாக்கு இல்லை என்று தெரிந்திருந்தால் அம்மாவே நடந்திருக்க மாட்டாள். இது என் வார்த்தையில் எதையும் கூட்டவில்லை, எதையும் மன்னிக்கவில்லை. இவ்வளவு அப்பட்டமாக என் பேச்சைக் கேட்ட ஒன்றை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கேட்டதனாலேயே நான் எங்கே அஜாக்கிரதையாக இருந்தேன் என்று அது எனக்குக் காட்டிவிட்டது. மெட்ராஸுக்கு எழுதிய கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

ராத்திரி சாப்பிடும்போது ஒன்று உறைத்தது. கைக்கணக்கு சரி என்று காட்டிவிடலாம். ஆனால் கம்ப்யூட்டருக்கு எழுதியதும் நான்தானே. தப்பு எங்கே என்று ஆபீசர் கேட்டார். தப்பு என்னிடம் என்றுதான் சொல்ல வேண்டும். துளை போட்ட ஆள்மேல் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அதை நினைத்துப் பார்த்தேன், பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அப்படியொரு பொய்யை அட்டையில் துளை போட்டுக் கொடுத்தால் கம்ப்யூட்டர் மறுபடியும் அதே மூன்று வரியைத்தான் கக்கும். அதனிடம் மழுப்ப முடியாது.

செவ்வாய்க்கிழமை காலை ஆபீசர் மேஜைக்கு முன்னால் நின்றேன்.

“கைக்கணக்கு சரி சார். கம்ப்யூட்டரும் சரி. எழுதினதுதான் தப்பு.”

“யார் எழுதினது?”

“நான்தான்.”

டிராஃப்ட்ஸ்மேன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“புரியற மாதிரி சொல்லுங்க” என்றார் ஆபீசர்.

வாயால் சொன்னேன், புரியவில்லை. சாக்பீஸ் டப்பாவில் நாலு துண்டு போட்டு எடுத்துக்கொண்டு அவர் மேஜையைச் சுற்றி நடந்தேன். ஒரு சுற்று, ஒரு துண்டை மேஜையில் வைத்தேன். இன்னொரு சுற்று, இன்னொரு துண்டு. நாலு முடிந்தது. பிறகு காலி டப்பாவோடு புறப்பட்டேன். பன்னிரண்டு பேரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பாதியில் டிராஃப்ட்ஸ்மேன், “அதான் டப்பா காலியா இருக்கே, எதுக்குங்க நடக்கறீங்க?” என்றார்.

“அது உங்களுக்குத் தெரியுது. கம்ப்யூட்டர்கிட்ட அதை நான் சொல்லலை” என்றேன். சுற்றி வந்து டப்பாவுக்குள் கையை விட்டு, வெறுங்கையை ஆபீசரிடம் காட்டினேன்.

அவர் டப்பாவை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தார். அப்புறம், “முதல்லயே பார்க்கச் சொல்ல முடியுமா?” என்றார்.

“ஒரு வரி சார். சப்போர்ட் பூஜ்யம்னா சுத்துக்குள்ள போகாம தாண்டிப் போன்னு.”

“எழுதுங்க. திரும்பி வரட்டும், பார்க்கலாம்.”

நிரந்தரப் பேப்பரைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. தாளெல்லாம் மறுபடி எழுத வேண்டியிருக்கவில்லை. ஒரே ஒரு அட்டைக்கான வரி, எந்த அட்டைக்கு முன்னால் செருக வேண்டும் என்ற குறிப்பு. ஒரு போஸ்ட் கார்டு அளவுகூட இல்லை. என் வேலை அதில் இருந்தது.

இந்த முறை விடை வரப் பன்னிரண்டு நாளானது. ஆபீசர் நேராகப் பதினோராவது வரியில் விரலை வைத்தார். சரி. இருபத்தெட்டு, சரி. நாற்பத்தைந்து, சரி. நான் மற்ற ஐம்பத்தேழையும் ஒன்று விடாமல் பார்த்தேன். ஒரு வரியைச் செருகியதில் வேறு எதுவும் அசையவில்லை. அறுபதும் என் டேபிளும் அச்சடித்ததுபோல் ஒன்றாக இருந்தன.

ஆபீசர் இழுப்பறையைத் திறந்து என் பேப்பரை எடுத்தார். ஏற்கெனவே டைப் செய்து வைத்திருந்தார். கையெழுத்தைப் போட்டுவிட்டு, “இனிமே அந்தக் கைமெஷினை வேற யாருக்காவது குடுத்துடலாம். நீங்க இதை எழுதுங்க” என்றார்.

“அதையும் நானே வெச்சுக்கறேன் சார். இது சொல்றதைச் சரிபார்க்க ஒண்ணு வேணும்.”

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். நிரந்தரம் என்றதும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கம்ப்யூட்டர் கதையையும் கேட்டாள். பாதி புரிந்திருக்கும்.

“அப்ப அதுவும் சொம்பைப் பார்க்காம சுத்திடுச்சா?”

“மூணு தடவை.”

“நல்லவேளை, அதுக்குக் காலு இல்லை” என்றாள்.

அடுத்து திங்களும் அமாவாசையும் சேர்ந்து வந்தபோது அம்மா என்னையும் அரசமரத்துக்கு இழுத்துப்போனாள். வேண்டுதல் பலித்ததற்குச் சுற்ற வேண்டுமாம். நான் சுற்றவில்லை, ஓரமாக நின்றேன். எதிர்வீட்டு அம்மாள் இந்த முறையும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, துணி கட்டிய சொம்பை அம்மாவிடம் நீட்டினாள். அம்மா வாங்கி, காதுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு தடவை குலுக்கிப் பார்த்தாள். பிறகு நடந்தாள்.